சுக்கு போடாத குடலையும் இருக்குதுக்காரரும்

என் இட்லியில் சோடா உப்பு கிடையாது. முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த மாவை ஊற்றி, நிதானமாக வேகவைத்து எடுக்கிற இட்லி அது. கடை திறந்த வருஷம் ஒருத்தர் வந்து ஒரு வில்லையைப் பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சோடா உப்பு இருக்குது" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் என் இட்லியை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள்.

மனிதர்களில் இருக்குதுக்காரர் என்று ஒரு வகை உண்டு. உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை தண்ணீர் குடித்தால், "சக்கரை இருக்குது." தேருக்கு வடம் பிடிக்க வராமல் ஓரமாக நின்றுகொண்டு, "எடது சக்கரத்துல ஒரு இழுப்பு இருக்குது." கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் அதைப் பிரிக்கிறதற்கு முன்னாலேயே, "மாப்ள பேச்சுல ஒரு பிசிறு இருக்குது, விசாரிச்சீங்களா?" வீட்டுக்குப் போனால் விரிசல், காபிக்குச் சிக்கரி, சாமியாருக்குச் சொத்து என்று எங்கே போனாலும் எதாவது ஒன்று இவருக்கு இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லமாட்டார். ஏன் சொல்லவேண்டும்? இல்லை என்று சொல்லி நாளைக்கு அது இருந்துவிட்டால் மாட்டிக்கொள்வார். இருக்குது என்று சொல்லிவிட்டு இல்லாமல் போனால், யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் தெரு இருக்குதுக்காரர் மாணிக்கவாசகம் அண்ணன். புடவை தரம் பார்க்கிற வேலையில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முந்தானையைத் தேய்த்து, "கலப்பு இருக்குது" என்று சொல்லிச் சொல்லி, விரல் அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. இட்லியையும் அப்படித்தான் தேய்ப்பார். ஜரிகையா அது? ஆனால் எங்கள் ஊரில் விரலைத் தேய்த்துச் சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். பட்டுக்குப் பழகின ஊர்.

என் பெண் இளவரசி சென்னை ரோட்டில் ஒரு ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். மனித செல்களைத் தட்டில் வளர்க்கிறார்கள். அதில் ஒரே ஒரு ஜீனை வெட்டிக் கெடுத்துவிடுகிறார்கள். அந்த ஜீனால் உண்டாகிற புரதம் மட்டும் அந்தச் செல்லில் இருக்காது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், தறிப் பாவில் ஒரு இழையை மட்டும் உருவின மாதிரி. நாக்அவுட் என்று பேர். அப்புறம் செல்லை உடைத்துக் கரைசலாக்கி, சின்னக் குப்பிகளில் அடைத்து, ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள்.

"இல்லாத ஒண்ணை எதுக்குமா குப்பில போட்டு விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பொய் சாட்சியைப் பிடிக்கத்தாம்பா. ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்குது. அது புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கினு, இருக்குதுன்னு கோடு காட்டும். சிலது எதுல போட்டாலும் கோடு காட்டும். அதனால புரதம் இருக்கிற கரைசலையும் இல்லாததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. இல்லாததுலயும் அதே கோடு வந்துச்சுன்னா அதோட பேச்சை நம்பக்கூடாது."

எனக்கு உடனே ஒரு முகம் தெரிந்தது. யார் முகம் என்று சொல்லவேண்டுமா?

சொல்லாமலே தானாக வந்து நின்றார். ஐயம்பேட்டையில் ஒரு வரன் அமைந்தது. பையன் கதிர்வேல், தறி வீட்டுப் பிள்ளை, இளவரசிக்கும் பிடித்துப்போனது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் அந்தப் பக்கத்துக்கும் உறவு. பையனின் அம்மா கலைவாணியம்மாவிடம் போய் விரலைத் தேய்த்திருக்கிறார். "மனுஷ செல்லுன்னா இன்னான்னு நெனைக்கிற? பொணம்மா! அந்தப் பொண்ணு கையில பொண வாடை இருக்குது."

அந்தக் கம்பெனி வாசலை அவர் பார்த்ததுகூட இல்லை.

கலைவாணியம்மா போன் போட்டு இழுத்தார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதான்... நாளைக்கு எங்க வீட்ல சமைக்கப் போற கை இல்லீங்களா..." எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணன் வீட்டுக்கே போய்க் கத்தியிருப்பேன். இளவரசி விடவில்லை. "கத்தினா, குரல்ல குத்தம் இருக்குதும்பாரு. அவங்களைக் காலைல வரச் சொல்லுப்பா. அவரையும் கூட்டிக்கினு வரச் சொல்லு."

வந்தார்கள். அண்ணன் கூடத்தில் கதிர்வேலோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சுவரில் ஓதம் இருக்குது என்று ஆரம்பித்தார். இளவரசி கலைவாணியம்மாவை மட்டும் அடுப்படிக்கு அழைத்துப் போனாள். ஒரே மாவு, இரண்டு குடலை. ஒன்றில் எல்லாம் போட்டாள். இன்னொன்றில் சுக்கு மட்டும் போடவில்லை. கலைவாணியம்மா சுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வெந்து இறங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் தட்டு வந்தது. அண்ணன் தேய்த்தார், தின்றார். "சுக்கு அளவா இருக்குது. சோடா உப்பும் இருக்குது." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது தட்டு. தேய்த்தார். கண்ணை மூடினார். லேசாக இருமினார். "இன்னாபா குமாரசாமி, இதுல சுக்கை அள்ளிக் கொட்டிக்கிறியே! தொண்டை எரியுதுபா. தண்ணி குடு."

கலைவாணியம்மா டப்பாவை அவர் முன்னால் வைத்தார்கள். "அண்ணே, சுக்கு இத்தினி நேரம் என் மடியில இருந்துச்சு. அந்தத் தட்டுல ஒரு சிட்டிகைகூடக் கெடையாது."

கதிர்வேல் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவர் சளைப்பாரா? டப்பாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அரிசி எங்க வாங்கின?"

"பக்கத்து ஊரு கூரத்துல."

"அதான் பாத்தேன். அந்த அரிசிலயே சுக்கு இருக்குது."

கலைவாணியம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அந்தக் கம்பெனில பொண வாடையும் இப்பிடித்தான் இருந்துச்சாண்ணே? தட்டை எடுங்க குமாரசாமி அண்ணே, நல்ல நேரம் போவுது." வெற்றிலை பாக்குத் தட்டு மாறியது. இளவரசி இரண்டு குடலையையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துவைத்தாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மிஞ்சின இட்லியில் இரண்டு துண்டு எடுத்துவந்து, எதில் சுக்கு இருக்கிறது என்று என்னையே கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சுக்கு, சுக்கு என்று இவ்வளவு நேரம் படித்தீர்களே, தொண்டையில் லேசாக ஒரு காரம் தெரிந்ததா இல்லையா? தெரிந்திருந்தால் எங்கள் தெருவுக்கு வாருங்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் இருக்குது.

அவர் அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பி என்னிடம் ஒரு வேலை சொன்னார்.

"அந்த ரெண்டாவது இட்லி, சுக்கு போடாதது, நல்லாத்தான் இருந்துச்சு குமாரசாமி. நாளைக்கு எனக்கு நாலு வில்லை கட்டி வைய்யி. சுக்கை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ."