துளசிராமன் வலக்கை நின்ற படலம்

வாழ்க துளசிராமன்! பழவேற்காட்டு ஏரியில் வலைவீசிய குலத்துதித்தோனும், கும்மிடிப்பூண்டிக் குழாய்க் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையெனும் கடுந்தவம் நெடுங்காலம் இயற்றியோனும், துள்ளும் இறால் மீண்டும் நீரைத் தொடுமுன் பற்றும் மின்னல்வேக வலக்கை வாய்த்தோனுமாகிய அவ்வீரன் வாழ்க!

அவனைப் பெர்மனன்ட் ஆக்கவும் வீட்டுக்கு அனுப்பவும் வல்லவரான மேனேஜர் ஸ்டீபன், முழுமதியும் நாணும் வழுக்கையர், அன்று எண்ணெய் ஒழுகும் கன்வேயரின்மேல் குனிந்திருந்தார். பின்னே துளசிராமன், தீவட்டி தாங்கும் காவலனென, இடக்கையில் டார்ச் ஏந்தி நின்றான்.

"லைட்ட இப்டி காட்டுப்பா. இத்த பாத்துட்டு உன் மேட்டர பேசிடலாம்" என்றார் ஸ்டீபன்.

தவம் கனியும் அந்நேரத்தில்தான், சாக்கடைக் கோட்டை நீங்கி, ஈட்டிமூக்கும் வரிக்காலும் இலங்க, ரீங்காரமே போர்ப்பறையாக வந்த கொசுவரசி அவ்வழுக்கைப் பொன்மேட்டின் உச்சியில் கொலுவீற்றிருந்தாள்.

கண் கண்டது. 'அடி!' எனும் தூதன் மூளையை விட்டுப் பாய்ந்தான். வச்சிராயுதமென எழுந்த கை பாதிவழி இறங்கிய பிறகே, வலப்புற நெற்றிக்குப் பின்னே கண்ணயர்ந்திருந்த தடைப்படைத் தளபதி திடுக்கிட்டெழுந்து, "அடேய், அது மேனேஜர் மண்டை!" என்று முழங்கி, 'நில்!' எனும் இரண்டாம் தூதனை விரட்டினான். முன்னவன் அதற்குள் தோளைக் கடந்திருந்தான். பின்னவன், புதுவாயல் கூட்ரோட்டில் கண்டெய்னர் லாரியை முந்தத் துடிக்கும் ஷேர் ஆட்டோ போல, சந்து கிடைத்த நரம்பிலெல்லாம் புகுந்து, முழங்கையில் நெருங்கி, மணிக்கட்டில் முந்தினான். தசையோடு தசை பொருதது. வழுக்கைக்கு ஒரு விரற்கடை மேலே, கை நின்றது!

வானோர் பூமாரி பொழிந்தனர் எனச் சொல்ல ஆசைதான். ஷெட்டுக் கூரையிலிருந்து துருதான் உதிர்ந்தது.

எதிரே பேக்கிங் செய்துகொண்டிருந்த நர்மதா பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா, சாருக்கு ஆசீர்வாதம் பண்ணிக்கினு கீற?"

கையை இழுத்துக்கொள்ளவே விழைந்தான் வீரன். ஆனால் 'நில்' என்ற ஆணை கையோடு நில்லாமல் காலையும் நாவையும் சேர்த்தே கட்டிவிட்டது. வேர்வை மட்டும் தடையின்றி ஓடிற்று.

அக்கணம் கொசுவரசி ஈட்டியை இறக்கினாள். ஸ்டீபனின் மூளையிலும் 'அடி!' என்றோர் ஆணை பிறந்தது. தன் தலையைத் தானே அடிக்க எவனுக்கு எதற்குத் தடை? காண்டாமிருகமெனப் பாய்ந்த அவருடைய கை, நடுவே நின்ற துளசிராமனின் புறங்கைமேல் மோத, அரும்போர் புரிந்து நிறுத்தப்பட்ட அந்த உள்ளங்கை, அவ்வழுக்கையின்மேல் பட்டென்று விழுந்தது.

ஸ்டீபன் நிமிர்ந்தார். தலையைத் தடவினார். பிறர்கை ஒன்று அங்கே இருக்கக் கண்டார். நர்மதா அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மறைந்தாள்.

கட்டுண்ட நாவை அவிழ்த்து வீரன் பிரகடனம் செய்தான்: "நான் நிறுத்திட்டேன் சார்! அடிச்சது நீங்கதான் சார்!"

உச்சியைச் சொறிந்தார் ஸ்டீபன். "கொசுவா?"

"கொசு சார்."

"செத்துச்சா?"

துளசிராமன் உள்ளங்கையை விரித்து, நசுங்கிக் கிடந்த கொசுவரசியைக் காட்டினான்.

"சரி, நாளைக்கு ஆதார் ஜெராக்ஸ் எத்துக்கினு வா. பெர்மனன்ட்டுக்கு எழுதிடலாம்."

துளசிராமன் போய்க் கை கழுவினான்.