கோபம் சாரும் இந்திரனின் மந்தையும்

பூச்சிமருந்துக் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு பூச்சிகளுக்கு வக்கீலாக இருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அரியலூரில் நான் பில் போட்ட உரக்கடையில் விற்பனையாளராக இருந்தார். பெயர் கோபம் சார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். ஆளோ பரம சாது. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், "உங்களுக்கு வலிக்கலியே?" என்று கேட்பார். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததால், கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு மிரண்டுபோவார்கள்.

"கோபம் வந்துட்டுதா?"

"இன்னும் வரலீங்க. பெரம்பலூர் பஸ்ஸு லேட்டு."

காரணம் ஒரு பூச்சி. முதல் மழை விழுந்ததும் மக்காச்சோளக் காட்டில் வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டதுபோலச் சிவப்பாய் ஊருமே, அதுதான். வருஷா வருஷம் விவசாயிகள் அதைத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு மருந்து கேட்டு வருவார்கள். ஒருமுறை விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் வந்தார். கோபம் சார் தீப்பெட்டியைத் திறந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுக்கா மருந்து கேக்குறீங்க? இது இந்திரகோபங்க!"

"இந்திரனுக்குக் கோவமா? நான் என்னங்க பண்ணேன்?" வந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்டார்.

"அந்தக் கோவம் இல்லீங்க. 'கோ'ன்னா மாடு. மாட்டை மேய்ச்சுக் காக்குறவன் கோபன். மழைக்கு ராசா இந்திரன். மொத மழை பேஞ்சதும் பட்டியைத் தொறந்து வுடுறாரு, இதுங்க மேய வருது. இந்திரன் காவல்ல இருக்குற பூச்சிங்க."

"நாங்க தம்பலப்பூச்சின்னுல்ல சொல்லுவோம்?"

"அதுவும் சரிதான். வெத்தலை போட்டுத் துப்புனா செவப்பா வுழுதே, அது தம்பலம். நெறத்தைப் பாத்து வெச்ச பேரு. பழைய தமிழ்ல இன்னொரு பேரு இருக்கு, மூதாய். மூத்த தாயி! தாயிக்கு வெஷம் வெப்பீங்களா?"

அந்த மனிதர் தீப்பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பூச்சியை அதே வயலில் விட்டுவிடப் பஸ் ஏறினார். மருந்து வாங்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி விட்ட பெருமூச்சில் என் மேசைமேல் இருந்த நோட்டு நாலு பக்கம் புரண்டது.

வினை ஒரு விவசாயிகள் கூட்டத்தில் வந்தது. மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நம் சிவப்புப் பூச்சியின் படம் வந்ததும், "இது உங்க பயிரையே அழிச்சிடும்" என்றார். பின்வரிசையில் கோபம் சார் எழுந்து நின்றார்.

"ஐயா, அது பயிரைத் தொடாதுங்க. மத்த பூச்சியோட முட்டையைத்தான் திங்கும். எட்டுக் காலு இருக்கு, எண்ணிப் பாருங்க. கணக்குப்படி அது பூச்சியே இல்ல, செலந்தி சாதி."

"நீங்க யாருங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் உற்சாகமாகக் கத்தியது: "கோபம்! கோபம்!"

அதிகாரி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "கோவம் வேணாங்க, உக்காந்து பேசித் தீத்துக்கலாம்" என்றபடியே பின்வாசல் வழியாகக் காரில் ஏறியவர், சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட எடுக்கவில்லை.

மாலையில் முதலாளி, "நீ நாளையிலேருந்து வராதய்யா" என்றார். கோபம் சார் தலையாட்டினார். குடோன் சாவியை என்னிடம் கொடுத்தபோது, "மொதலாளிக்கு பிரஷர் இருக்கும்மா. சத்தமாப் பேச வுடாத" என்றார். வேலை போனவர் சொல்கிற பேச்சா இது?

நான்கு நாள் முதலாளியே விற்பனைக்கு நின்றார். ஐந்தாம் நாள் மீன்சுருட்டியிலிருந்து ஓர் அம்மா தீப்பெட்டியோடு வந்தார். முதலாளி பார்க்காமலேயே ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இது பேரு என்னங்க?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? அடிச்சா செத்துடும்."

"பேரே தெரியாம எப்புடிங்க கொல்றது? கோபம் சார் இல்லீங்களா?"

முதலாளி பாட்டிலை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு என்னிடம், "அந்தாளுக்குப் போனைப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

"கோபமா?"

"ஆமாங்க, கோபந்தான்."

முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "இன்னுமாய்யா? ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத."

"ஐயோ, கோபந்தான் பேசுறேன்னு சொன்னேங்க!"

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளி தன் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அன்று காலை வந்த முதல் பில்லில், ஆண்டிமடம் என்று அடிக்க வேண்டிய ஊரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். திரை ஒரே மங்கலாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.