சிப்பாய்க்கு விழுந்த ஒப்பாரி

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. ஒன்றைக்கூடக் கைதவறிக் கீழே போட்டதில்லை. இப்படிப் பெருமை பேசுகிறவள்தான், கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் தூத்துக்குடியில் ஒரு தெருவையே அடைக்க வைத்தேன். (சிரிக்காமல் எழுது, செல்வி. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். எழுதுவது பேத்தி.)

அப்போது யுத்தகாலம். என் மாமனாருக்குத் துறைமுகத்துப் பக்கம் கருப்பட்டி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி இருந்தது. அதற்குக் காவல், சிப்பாய் என்கிற செவலை நாய். சோற்றில் முதல் உருண்டையை அதற்குப் போட்டுவிட்டுத்தான் மாமா சாப்பிடுவார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

அந்தச் சிப்பாய் ஒருநாள் திரேஸ்புரம் கரைக்குப் போய், யாரோ எறிந்த மீன்தலையைத் தூண்டில் முள்ளோடு கவ்விவிட்டது. தாடையில் முள் ஏறி, வாயெல்லாம் ரத்தமாக வந்து நின்றது. மாமா ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் வலி தெரியாமல் இருக்க மார்பியா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் நனைந்த சாக்குமாதிரி நாய் சரிந்தது. முள்ளைப் பிடுங்கினார், ஒரு முனகல் இல்லை.

"அண்ணாச்சி, நெஞ்சு இனிமே மெதுவாத்தான் அடிக்கும். படுத்துக் கிடந்தா பயமில்லை. தூக்கி மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்றார் டாக்டர். "நாம எந்திரிச்சா ரத்தம் கீழ இறங்கும். உடனே நெஞ்சு விறுவிறுன்னு அடிச்சு மேல ஏத்திரும். அது தானா நடக்குத வேலை. இந்த மருந்துல அந்த வேலையே தூங்கிப்போவும். நிப்பாட்டினா மயங்கி விழுந்துரும்."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.)

மாமாவுக்கு அன்று தோணியில் சரக்கு ஏற்ற வேண்டும். "ஏளா, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை, அதுதான் என் மாமியார், கொண்டையை முடிந்தபடியே, "அடுப்புல பாலைப் பாத்துக்கத் தெரியாதவ, நாயைப் பாத்துக்கப் போறாளாக்கும்!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த நாயை நல்லபடியாக ஒப்படைத்தால்தான் அந்த வீட்டில் எனக்குப் பேச்சு. வீட்டில் மிச்சம் இருந்தது மாமாவைப் பெற்ற பெரியாச்சி மட்டும். அவள் உள்ளறையில் நோயோடு கிடந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் நாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் நகர்ந்து வந்து அதன் மூஞ்சியில் விழுந்தது. பாவமே என்று நிழலுக்கு மாற்ற நினைத்தேன். பிள்ளையைத் தூக்குவதுபோல முன்னங்கால் அடியில் கைகொடுத்து நேராகத் தூக்கினேன். தம்பிமார்களைத் தூக்கிய கை, வேறு எப்படித் தூக்கும்? நாய்க்குத் தலை தொங்கியது, நாக்கு வெளியே வந்தது. பயந்துபோய்ப் படுக்கவைத்து நெஞ்சில் காதை வைத்தேன். 'டொக்' என்றது. அடுத்த டொக்குக்காகக் காத்தேன். அது வருவதற்குள் என் பொறுமை போய்விட்டது.

"ஐயையோ! போயிட்டியே! உன்னை ஏந்தின கையிலயே போயிட்டியே!"

எங்கள் பக்கம் இழவு வீட்டில் யார் என்ன என்று விசாரிக்கமாட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் ஓடிவந்து, கட்டிப்பிடித்து அழவேண்டும். விசாரணை அப்புறம்தான். எதிர்வீட்டுத் தங்கம் மதினி தலையை விரித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பத்துப் பெண்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்தார்கள். வெளியே பலகை போட்டுக் கடைகளை அடைக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாய்க்காக இவ்வளவு பேரா, இந்தத் தெருக்காரர்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று நான் இன்னும் கூடுதலாக அழுதேன்.

தங்கம் மதினி உச்சத்தில் இருந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பெரியாச்சி வந்தாள்.

"ஏட்டி, யாருளா செத்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

மதினியின் ஒப்பாரி பாதி வார்த்தையில் நின்றது. இரண்டு பேர் வாசலைத் தாண்டி ஓடியே போய்விட்டார்கள்.

நான் நாயைக் காட்டினேன். "சிப்பாய், ஆச்சி."

"நாய்க்கா?" என்றாள் மதினி. "ஏளா, நான் இட்லிக்கு ஆட்டினதைப் பாதியில போட்டுட்டு வந்தேன்!"

இந்தக் கூச்சலில் சிப்பாய் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு வாலை ஒரே ஒருமுறை தரையில் தட்டியது. உயிர் வந்தது அதற்கா எனக்கா என்று தெரியவில்லை.

அப்போது, பெரியாச்சி போய்விட்டாள் என்று யாரோ துறைமுகத்தில் போய்ச் சொல்ல, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தோணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மாமா அழுதுகொண்டே நுழைந்தார். அம்மா நிற்கிறாள், நாய் கிடக்கிறது, வால் ஆடுகிறது. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், முற்றமே சேர்ந்து சிரித்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே அதைத் தூக்காதே தாயி" என்றார், அவ்வளவுதான்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அதே சேதி எட்டி, புதுக்கோட்டையிலிருந்து அத்தை வண்டியில் வந்தாள். தெருமுனையிலிருந்தே மாமியாருக்காக அப்படி ஒரு அழுகை. உள்ளேயிருந்து கேட்ட பெரியாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எனக்காகவா அழுதா? அவளா?" அன்றிலிருந்து அந்த இருவருக்குள் சண்டை இல்லை. அத்தை என்னை ஏச வாய் திறந்தால் பெரியாச்சி விடமாட்டாள். அவளும் இன்னும் பல வருஷம் இருந்து, நான்கு கொள்ளுப்பேரன்களைக் கொஞ்சிவிட்டுத்தான் போனாள். அவள் நிஜமாகவே போன அன்று, நாங்கள் அழ அழ வாசலில் நின்று தங்கம் மதினி கேட்டாள்: "மனுசாளா, நாயா?"

எங்கள் வீட்டில் யார் அசந்து தூங்கினாலும், "வால் ஆடுதான்னு பாரு" என்றுதான் இன்றைக்கும் பேச்சு. நான் மத்தியானம் கண்ணசந்தால் பேரப்பிள்ளைகள் கால்மாட்டில் நின்று கேட்கும். நான் பெருவிரலை ஆட்டிக் காட்டுவேன்.

செல்வி, இதுவரைக்கும் எழுதினதைச் சத்தமா வாசிளா. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கேன். சத்தம் காட்டாமக் கிடந்தா அழுதுராதே. முதல்ல என் காலைப் பாரு.