பெட்டியில் பத்திரமாக இருக்கும் வண்டி பற்றி

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை புகழேந்திக்கு மாமா ஜெயசீலன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை பிரிசில்லாவும், சர்க்கரை அளவு நீங்கலாக, கர்த்தர் கிருபையில் நலம். மஸ்கட்டில் நீங்களும் பூர்ணிமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. போன வாரம் போனில், நீங்கள் இங்கே வைத்துவிட்டுப் போன ரிமோட் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அது உண்மை இல்லை. பிப்ரவரியில் பெங்களூர் ரிமோட் கார் போட்டிக்கு அந்த வண்டியை நம்பித்தான் லீவு போட்டிருக்கிறீர்கள் என்று பூர்ணிமா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

மாசத்துக்கு ஒருதரம் பேட்டரிக்கு சார்ஜ் போட்டால் போதும், வேறெதையும் தொட வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆனால் ஷூ கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன் நான். பெட்டி மேலே அப்படியே எடுத்து ஓட்டலாம் என்று அச்சடித்திருந்தால், நிஜமா என்று பார்க்காமல் கை சும்மா இருக்காது. பிரித்தேன். மொட்டை மாடியில் ஓட்டினேன். நன்றாக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். தெருவில் இறக்கினேன். விசையைக் கொஞ்சம்தான் அழுத்தினேன், அது எதிர்வீட்டு முத்துமாரி காயப்போட்ட வடகத்து மேல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஏறிப் போய் அவங்க வீட்டுப் படியில முட்டி, மேல்மூடி ரெண்டா பிளந்துடுச்சு. ஒவ்வொரு வடகத்துலயும் டயர் தடம். பொரிச்சா தெரியாதுன்னு முத்துமாரி பெரிய மனசு பண்ணிட்டாங்க.

அந்தப் பிளாஸ்டிக் மூடிக்கு ஆம்பூர்ல எங்க போறது? இங்க தோல்தான் கிடைக்கும். கட்டிங் செக்‌ஷன்ல இருந்த என் தோஸ்த் சுஹேல் அகமதுகிட்ட போனேன். இதுக்குப் போயா பேஜாராவுறேன்னு சொல்லி, அளவெடுத்து, நல்ல மாட்டுத்தோல்ல டபுள் தையல் போட்டு, உள்ள லைனிங்கும் வெச்சு ஒரு மூடி தெச்சுக் குடுத்தார். ஷூவா இருந்தா பத்து வருஷம் உழைக்கும். மோட்டாருக்குக் காத்து வேணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல. நாலு நிமிஷத்துல சூடாகி நின்னுடுச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் ஷூவுக்கு லேஸ் கோக்குற மாதிரி ஆறாறு ஓட்டை போட்டு ஐலெட் வளையம் அடிச்சார். ஓடுச்சு. தோல் கொஞ்சம் விறைப்பா இருக்கேன்னு நான் மீன் எண்ணெய் தேய்ச்சேன். தோல் வேலை தெரிஞ்சவன் எவனும் அதைத்தான் செய்வான்.

அதோட பாலாத்துக்குக் கொண்டுபோனதுதான் புத்திகெட்ட வேலை. மணல்ல இறக்கினதும் மீன் வாசத்துக்கு எங்கிருந்தோ அஞ்சு நாய் வந்துடுச்சு. வண்டி முன்னால, நாய் அதுக்குப் பின்னால, ரிமோட்டோட நான் கடைசில. முள்ளுச்செடிக்குள்ள பூந்து, வளைஞ்சு, ஆளுயரக் கரை ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுல ஒரே மூச்சுல ஏத்திட்டேன் மாப்பிள்ளை. மேல போன அப்புறம்தான் ஒரு நாய் கவ்விடுச்சு. பிஸ்கட் போட்டு வாங்கினோம். முன்சக்கரம் ஒண்ணு லேசா கோணல். மத்தபடி ஓடுது.

உங்க பொருளைக் கெடுத்துட்டேனேன்னு ரொம்ப வெக்கமா இருக்கு. இனி தொடமாட்டேன். வண்டி வீட்ல இருக்கவே கூடாதுன்னு உங்க அத்தையும் சொல்லிட்டா. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. மன்னிச்சுக்குங்க.

வெயிலிலும் வேலையிலும் ஆண்டவர் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
மாமா ஜெயசீலன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். மாப்பிள்ளை முன்னால் மாமியாருக்கு மரியாதை குறையக்கூடாதே என்று பழியை நான் ஏற்று எழுதியிருந்தேன். வடகம் வரைக்கும், நாய் வரைக்கும் அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனாள். கரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். "அந்தக் கரையை ஏத்துனது நான். எழுதுங்க."

எழுதிவிட்டேன். மொட்டை மாடி தொடங்கி ஓட்டியது முழுக்க அவள்தான். மீன் எண்ணெய் தேய்த்ததும் பிஸ்கட் வாங்கி வந்ததும் மட்டும் நான். வண்டி வீட்டில் இருக்கக் கூடாது என்று சொன்னவனும் நான்தான். போட்டிக்கு வண்டி வரும். ரிமோட்டை அவள் தருவதாக இல்லை. நீங்கள் லீவை ரத்து செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்கலாமாம்.