பிழையில்லாத மரண அறிவிப்பு

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம். என் புது மடிக்கணினியின் திரையில் ஒரு மரண அறிவிப்பு, ஒற்றுப்பிழைகூட இல்லாமல், தயாராக இருந்தது. அதை வெளியே எடுக்கத்தான் வழியில்லை.

அறிவிப்புக்கு உரியவர் வீராசாமி அண்ணன். மலேசியாவின் லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் பழைய லயத்து வீட்டு வரிசையில், எங்களுக்கு மூன்றாவது வீடு. அன்று அவர் இறந்த பதினோராம் நாள். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். பிள்ளைகள் கிடையாது. கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன், மாரிமுத்து. ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில் பேராக் மாநிலத்துப் பக்கம் போனவர். முகவரி, கைப்பேசி எதுவும் தெரியாது. ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் தினமும் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டுவார் என்ற தகவல் மட்டும் உண்டு.

அதில் வியப்பில்லை. சிதறிப்போன தோட்டத்து மக்கள் பத்திரிகையில் முதலில் திறப்பது மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான். யார் போனது, எந்தத் தோட்டம், காரியம் எங்கே என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுவார்கள். (இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் பிழை பார்த்து, முதல் பக்கத்துக்குத் தலைப்பும் எழுதிய எனக்கு இது கொஞ்சம் வலிக்கும்.)

"படத்தைப் பெருசா போடச் சொல்லு தம்பி," என்றார் வீராசாமி அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா. "அவரு அண்ணனுக்கு எழுத்து தெரியாது. மூஞ்சியப் பார்த்தாத்தான் தெரியும். எள்ளுந்தண்ணி எறைக்க கூடப் பொறந்த கை ஒண்ணு வேணும்லா."

"கவலைப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்," என்றேன்.

(இருந்ததுதான் தவறு.)

நான் தமிழ் தட்டச்சுப் பழகியது பத்திரிகை அலுவலகத்தின் பழைய மென்பொருளில். அது பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். ஓய்வுபெற்றதும் புது மடிக்கணினி வாங்கி, அதில் அந்தப் பழையதைப் போடச் சொன்னேன். லுக்குட் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, மிஷின் புதுசு லா. இதைப் போட்டா பாதி சாமான் வேலை செய்யாது."

"எழுத்து வருமா?"

"எழுத்து வரும். நெட்டு வராதுண்ணே."

"நான் என்ன படம் பார்க்கவா வாங்குறேன்? போடுப்பா."

போட்டார். ரசீதின் அடியில் 'வாடிக்கையாளர் கேட்டதால்' என்று மலாயில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அறிவிப்பு உள்ளே இருந்தது. இணையம் இல்லை. பென்டிரைவைச் செருகினேன், சுவரில் செருகியதுபோல் இருந்தது. அதனால் அண்ணனின் படத்தையும் உள்ளே கொண்டுவர முடியவில்லை. படம் வரவேண்டிய கட்டம் கன்னங்கரேலென்று கிடந்தது.

"கைப்பேசியில பேசினாலே தமிழ்ல அடிக்குதுங்க," என்றாள் என் மனைவி சரோஜா.

"அதுல ஒற்று சரியா வராது."

"செத்தவருக்கு ஒற்றா முக்கியம்?"

ஐந்து மணிக்குப் பத்திரிகையில் அறிவிப்புப் பக்கத்தை முடித்துவிடுவார்கள். நான்கு நாற்பதுக்குத் திரையையே கைப்பேசியில் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, விளம்பரப் பிரிவை அழைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் பேசினார்.

"சார், நாங்க திரும்ப அடிச்சுக்கவா?"

"வேணாம்மா. நான் அங்க இருபத்திரண்டு வருஷம் பிழை பார்த்தவன். ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீங்க. அப்படியே போடுங்க."

பிறகுதான் அண்ணனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். அப்போது மணி ஐந்து பன்னிரண்டு.

"பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு சார். படந்தான் முன்னாடியே இருந்துச்சே?"

நல்லது என்றேன். எந்தப் படம் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் வாங்கி வாழ்ந்தவன் நான்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்குப் பத்திரிகை வந்தது. சரோஜா பிரித்தாள். அறிவிப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மறுபடி பத்திரிகையைப் பார்த்தாள்.

அறிவிப்பில் பெயர் சரி. தோட்டம் சரி. ஒற்றுகள் அனைத்தும் சரி. கறுப்புக் கட்டத்துக்குள் நான் இருந்தேன். படம் பிடிக்கக் குனிந்தபோது பளபளப்பான திரையில் விழுந்த என் பிரதிபலிப்பு. பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி, உயர்ந்த ஒரு புருவம். கைப்பேசி கட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் குறை சொல்ல முடியாத மார்பளவுப் படம்.

ஒன்பதரைக்கு மந்தினிலிருந்து என் மைத்துனன் ரோஜா மாலையோடு வந்து இறங்கினான். நான் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா," என்றான் கையிலிருந்த மாலையைப் பார்த்தபடி, "இப்ப இதை என்ன பண்றது?"

சரியான படத்தோடு மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வரை இடமில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை உள்பக்கத்தில் திருத்தம் வந்தது. தீப்பெட்டி அளவு, படம் இல்லை. முழுக்க எழுத்து.

ஞாயிறு காலை பதினொன்றரை வரை அஞ்சலை அக்கா செம்மண் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகிறது என்றார் பூசாரி. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீயே எறைச்சிடு தம்பி. பேப்பர்ல செத்தவன் நீதானே."

அவர் சிரிக்கவில்லை. நான் இறைத்தேன்.

எங்கள் வீட்டில் இன்றுவரை எனக்குப் பெயர் 'காலமானவர்'. "காலமானவருக்கு இன்னொரு தோசை வைக்கவா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்பாள் சரோஜா. மைத்துனன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரோஜா மாலை வாங்கி வருகிறான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வயதானவர் எங்கள் வாசலில் நின்று வீராசாமியின் வீடு எது என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அவர் நகராமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே," என்றார்.

அவர் கையில் தம்பிக்கு எடுத்த வேட்டி இருந்தது.