மச்சான் விற்ற மூன்று பசை இயந்திரங்கள்

பின்யான், லகூனா
சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ருஃபினோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை மிலாக்ரோஸின் கணவன் கிரிசாந்தோ பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என் இடது கையைத் தவிர. தங்கள் முழங்கால் வலியும் சண்டைச் சேவல்களும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

எங்கள் விளக்குத் தொழிற்சாலைக்குத் தாங்கள் விற்ற மூன்று இயந்திரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று மேலாளர் வில்லமோர் அம்மாவிடம், "பல்பசை பிதுக்கத் தெரிஞ்சா போதும் மேடம், இதுக்கெல்லாம் எதுக்குப் பயிற்சி" என்று சொன்னீர்களே, அந்த வாயைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் இயந்திரம், உருளைகள் ரப்பர் குழாயை நசுக்கி நசுக்கி எண்ணெய் மாதிரிப் பசையைத் தள்ளுமே, அது. அந்தக் குழாய் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, மூன்றாம் வாரம் அது வெடித்து, எங்கள் உற்பத்தி வரிசையில் மூத்தவரான நெனா அக்காவின் புதுச் செருப்பு பசையில் மிதந்தது. இரண்டாவது, இரண்டு திரவங்களைத் தன் குழாய் மூக்கிலேயே கலந்து விடுவது. சாப்பாட்டு மணி அடித்ததும் கலவையை உள்ளேயே விட்டுவிட்டு நாங்கள் புளிச்சாறு குடிக்கப் போனோம், திரும்பி வந்தால் மூக்குக்குள் கல். மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போக வேண்டுமாம், அதைத் தாங்கள் ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் சொன்னீர்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

மூன்றாவதுதான் என்னைக் கெடுத்தது. ஊசிக்குழாயில் பசையை நிரப்பி, மேலே காற்றை ஏற்றி, நுனியில் சொட்டுச் சொட்டாக விடும் கருவி. நொடியில் ஒட்டும் பசை. வியாழக்கிழமை, எங்கள் விளக்கை வாங்கும் கம்பெனியிலிருந்து ஹிராயாமா என்று ஒரு பெரிய மனிதர் பார்வையிட வந்தார். அவர் திருப்தியாகப் போனால்தான் அடுத்த வருட வேலை எங்களுக்கு, நூற்றிருபது குடும்பங்களின் சோறு. வாசலிலேயே நெனா அக்கா மறித்து, "யாரா இருந்தாலும் கண்ணாடி போடாம உள்ள விடமாட்டேன் ஐயா" என்று பாதுகாப்புக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டார். எனக்கு மானம் போயிற்று. அவரை அழைத்துவந்து கருவியைக் காட்டி, பெருமையாகக் குழாயின் மூடியை லேசாகத் தொட்டேன், தொட்டதுதான் மச்சான், மூடி கூரைக்குப் பறந்தது, பசை என் இடது கையிலும் அவர் சட்டையிலும் தெறித்தது, ஒரு சொட்டு அவர் கண்ணாடியில், சரியாகக் கருவிழிக்கு நேராக விழுந்து அங்கேயே உறைந்தது.

நான் போட்டிருந்தது தாங்கள் இனாமாகக் கொடுத்த பருத்திக் கையுறை. இந்தப் பசை பருத்தியில் பட்டால் கொதிக்குமாம். கை புகைந்தது மச்சான், என் கையிலிருந்து புகை வந்தது. கையுறையை உருவி எறிந்துவிட்டு, பெரிய மனிதர் தடுமாறுகிறாரே என்று அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கை வரவில்லை. இழுத்தேன்.

"இழுக்காத தம்பி, தோலோட வந்துடும்" என்று நெனா அக்கா கத்தாமல் சொன்னார். சமையலறையிலிருந்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வந்தது. நானும் ஹிராயாமாவும் புது மாப்பிள்ளை பெண் மாதிரி கைகோத்து ஒரே வாளியில் கையை விட்டபடி இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவரே, "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேர்" என்று கேட்டார். நாலு என்றேன். "அப்ப பொறுமை இருக்கும்" என்றார். நெனா அக்கா கரண்டிக்காம்பை இடையில் உருட்டி உருட்டிப் பிரித்துவிட்டார். ஹிராயாமாவுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குக் கொப்புளம்.

"ருஃபினோவோட மெஷின் மூணும் திங்கக்கிழம வெளிய போகணும்" என்று வில்லமோர் அம்மா சொல்லிவிட்டார். பொருள் மட்டமானது என்று நானும் சொன்னேன், ஏன் சொல்லக்கூடாது? வீட்டில் தங்கள் தங்கை, "எங்கண்ணன் வித்த பொருள் கெட்டுப் போகாது, கை வச்சவனப் பாரு" என்று சொல்லி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. ஆகவே திங்கட்கிழமை வண்டியை அனுப்பி எடுத்துக்கொள்ளவும். தாங்கள் நேரில் வர வேண்டாம், வந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். மாதா தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
கிரிசாந்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்திருக்கிறேன். வியாழன் காலை பசை மெதுவாக வந்தது. அடைத்த ஊசியை மாற்றாமல் காற்றழுத்தத்தை நான்தான் இரண்டு மடங்கு ஏற்றினேன். மூடியைத் தொட்டது லேசாக அல்ல, திருகினேன். காற்றை நிறுத்தி, உள்ளே இருப்பதை வெளியேற்றிய பிறகே திறக்க வேண்டும் என்று இயந்திரத்தோடு தாங்கள் கொடுத்த புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. மனம் கேட்கவில்லை, இன்று மதியம் வில்லமோர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"கோளாறு நீங்கதான்?"

"ஆமா மேடம்."

இயந்திரங்கள் இங்கேயே இருக்கட்டும், வண்டி வேண்டாம். ஹிராயாமா வேலையை எங்களுக்கே கொடுத்துவிட்டார், அறிக்கையில் நெனா அக்காவின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாராம். உற்பத்தி வரிசை இனி அக்காவின் பொறுப்பு, நான் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அவர் வைக்கும் பரீட்சையில் தேறினால்தான் என்னை மறுபடி உள்ளே விடுவாராம். நாளை ஞாயிற்றுக்கிழமை, தபால் இல்லை, இந்தக் கடிதத்தை டிரைசைக்கிள்காரரிடமே கொடுத்து அனுப்புகிறேன், அதே வண்டியில் ஏறி வந்துவிடுங்கள் மச்சான், அந்தப் புத்தகத்தில் நாலாம் பக்கத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.