கடலுக்கு அடியில் என் மாமனார்

கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் ஆம்பிளையின் கையில் எந்தக் கருவியையும் கொடுக்கக்கூடாது. அவனுக்குக் கையும் சும்மா இராது, வாயும் சும்மா இராது.

எனக்கு அப்போது ஓர்ஸ் ஹில் ராடார் நிலையத்தில் புது வேலை. ராடார் அலை காற்றில் நேராகப் போவதில்லை. சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வளையும். அந்த வளைவைக் கணக்கிட்டுத் திருத்தினால்தான் தூரத்தில் நிற்கும் பொருளின் உண்மையான உயரம் தெரியும். திருத்துவது என் பொறுப்பு. ஈரப்பதமானியை நிழலில் மாட்டச் சொன்னார்கள். குசினி யன்னலுக்கு வெளியே அருமையான நிழல் இருந்தது. (உள்ளே புட்டு அவிப்பார்கள் என்று நான் கண்டேனா?)

பரிசோதனைக்கு ஒரு படகு வேண்டியிருந்தது. குச்சவெளியில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனிடம் படகு இருந்தது. மனுசன் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. என் கெட்டித்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? ராடாரில் தெரியும்படி படகில் ஒரு தகரத்தைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகச் சொன்னேன். பாவம், போனார்.

திரையில் படகு பளிச்சென்று தெரிந்தது. கணக்கைப் போட்டேன். படகு கடல்மட்டத்துக்குக் கீழே நின்றது. ஈரத்தைப் புதிதாக அளந்து மறுபடி போட்டேன்; இன்னும் கீழே போனது (அடுத்த நீத்துப்பெட்டிப் புட்டு அடுப்பில் ஏறியிருக்கும்). அவருடைய போனுக்கு அடித்தால் பதில் இல்லை. கதிரையில் இருக்க ஏலவில்லை. எழும்பினேன், நடந்தேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். கடைசியில் பெண் வீட்டுக்கே அழைத்துவிட்டேன். அவள்தான் எடுத்தாள்.

"அப்பாவுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே அழுகையும் குழறலும். லைன் அறுந்தது.

சத்தம் கேட்டு என் மேலதிகாரி நளீமா மிஸ் வந்தார். கிண்ணியாக்காரர், நிதானமானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரையில் மின்னிய படகைப் பார்த்தார்.

"தம்பி, கடலுக்கு அடியில கிடக்கிறது ராடாருக்குத் தெரியுமா?"

தெரியாது. ராடார் அலை தண்ணீருக்குள் போகாது என்பதைப் படித்துத்தான் அந்த வேலைக்கே வந்திருந்தேன். மிஸ் வெளியே போய் ஈரப்பதமானியைத் தொட்டுப் பார்த்தார். புட்டு ஆவியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குச்சவெளிக்குப் பறந்தேன். கலியாணம் போச்சு, மானமும் போச்சு என்று வழி நெடுகப் புலம்பினேன். கரையில் ஊரே கூடியிருந்தது. பெண்ணின் தகப்பன் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்; என்ஜின் சத்தத்தில் போன் கேட்கவில்லையாம். மனைவி அவருடைய சேர்ட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். எனக்கு மைத்துனர்களாக வரவேண்டியவர்கள் என்னை நோக்கி வந்தார்கள். நான் புட்டுவரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அவர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு பெருமை.

"நான் செத்தா இவ்வளவு சனம் அழும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்றார். "பொடியனுக்கே பிள்ளையைக் குடுப்பம்."

கலியாணம் நடந்தது. இன்றைக்கும் மாமனார் கடலுக்குப் போனால் நடுக்கடலில் இருந்து எனக்கு ஒரு போன் வரும். மனைவி ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைப்பாள்.

"மருமகன், பயப்பிடாதைங்கோ. நான் மேலதான் நிக்கிறன்."